இரண்டு ஃபைல், ஒரு பையன்

வியாசர்பாடியில் நான் நடத்தும் சாயங்கால டியூஷனில் படித்த ஒரு பையனின் அம்மா, போன வருஷம் ஒரு மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு என்னைத் தேடி வந்தார். பைக்குள் இரண்டு ஃபைல். ஒன்று, மறுவாழ்வு இல்லம் ஒன்றில் கொடுத்த பச்சை அட்டை. வயது 17, வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம், ஒரு மாதம் தங்கியிருந்தான், இப்போது நிறுத்திவிட்டான் என்று எழுதி முத்திரை குத்தியிருந்தது. இன்னொன்று, ஒரு மனநலப் பிரிவின் ஓபி நோட்டு. தூக்கமில்லை, காரணமில்லாமல் அழுகிறான், சாப்பாடு இறங்கவில்லை, செத்துப்போகணும் என்று ஒருமுறை சொன்னான் என்றெல்லாம் அதில் இருந்தது. ஊசியைப் பற்றி ஓரத்தில் ஒரே வரி: போதைப் பழக்கம், வேறு பிரிவில் காட்டவும்.

இரண்டையும் தரையில் அருகருகே விரித்துப் படித்தேன். பெயரும் வயதும்தான் பொது. மற்றபடி இரண்டு வேறு வேறு பையன்களைப் பற்றிய தாள்கள் என்றே யாரும் நினைப்பார்கள்.

"மாத்திரய நிறுத்திட்டு வரட்டும், மனசப் பத்தி அப்பறம் பாக்கலாம்ன்றாங்க அங்க. இங்க வந்தா, அந்தப் பழக்கத்துக்கெல்லாம் நாங்க பாக்க மாட்டோம்ன்றாங்க. நான் எந்தப் பக்கம் ஓட்றது மிஸ்?"

அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். அந்த அம்மா இரண்டு பக்கம் ஓடியிருக்கவே கூடாது. போதைக்காகச் சிகிச்சைக்கு வரும் வளரிளம் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு மனச்சோர்வோ, பதற்றமோ, கவனக்குறைவோ, நடத்தைக் கோளாறோ, சின்ன வயது அதிர்ச்சியின் பாதிப்போ கூடவே இருக்கும். சேர்ந்து வருகிற இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒரே குழு, ஒரே நோட்டு, ஒரே வாரத்தில்.

மனநோய்களில் பாதி 14 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டில் 2015-16-ல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயதுக்காரர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. நாற்பது பேர் உட்காரும் பத்தாம் வகுப்பில் மூன்று பேர். போதை பற்றி எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பில் ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. சாராயம், கஞ்சா, அபின் வகை என எல்லாவற்றிலும் பெரியவர்கள்தான் அதிகம். முகர்ந்து இழுக்கும் பொருள்களில் மட்டும் பிள்ளைகள் பெரியவர்களை முந்துகிறார்கள்: பிள்ளைகளில் 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனும் பெயிண்டில் கலக்கும் தின்னரும் எந்தத் தெருவிலும் கிடைக்கும், விலையும் குறைவு. அவற்றில் இருக்கும் டொலுவீன் கொழுப்பைக் கரைக்கும் பொருள். மூளையின் நரம்பு இழைகளைச் சுற்றியுள்ள உறையும் கொழுப்பால் ஆனதுதான்.

எங்கள் ஏரியாவில் எந்தப் பையன் கெட்டுப்போனாலும் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: செட்டு சரியில்லை. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஹவுசிங் போர்டு படிக்கட்டுக்கடியில் உட்கார்ந்து பத்துப் பையன்கள் இழுத்துப் பார்க்கிறார்கள். ஏழெட்டுப் பேர் கொஞ்ச நாளில் அதை விட்டுவிட்டு வேலைக்கோ காலேஜுக்கோ போய்விடுகிறார்கள். இரண்டு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஏன் குறிப்பாக அந்த இரண்டு பேர் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால், மற்றவர்களுக்கு அது ஜாலியாக இருந்தது, இந்த இருவருக்கு மட்டும் அது மருந்தாக இருந்தது என்பது தெரிந்திருக்கும்.

மே மாத வெயிலிலும் அந்தப் பையன் முழுக்கைச் சட்டைதான் போடுவான். பின்னால் ஒருநாள் வேறொரு டாக்டரிடம் போனபோது நானும் கூடப் போனேன். அவர் பேசிக்கொண்டே சட்டைக் கையை மெதுவாக மடித்தார். முழங்கை மடிப்பில் ஊசி ஏறி ஏறிக் கருத்துப்போன புள்ளிகள். அதற்குக் கீழே, மணிக்கட்டுப் பக்கமாக, தானே கிழித்துக்கொண்ட கோடுகள். சில வெளுத்துப் பழசாகியிருந்தன, சில இன்னும் சிவப்பாக. "எதுப்பா முதல்ல?" என்று கேட்டார். பையன் கொஞ்ச நேரம் தலையைத் தூக்கவில்லை. பிறகு வெளுத்த கோடுகளைத் தொட்டுக் காட்டினான். எட்டாவது படிக்கும்போது. ஊசி அதற்கு இரண்டு வருஷம் கழித்து.

பச்சை அட்டையிலும் இல்லை, ஓபி நோட்டிலும் இல்லை அந்தச் செய்தி. யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை.

எது முதலில் என்பது வெறும் ஆர்வத்துக்காகக் கேட்பதல்ல. சில பிள்ளைகளுக்கு மனசு முதலில் கெடுகிறது, அதை அடக்கப் போதை வருகிறது. சிலருக்குப் போதைதான் மனநோயைக் கிளப்பிவிடுகிறது. இன்னும் சிலருக்கு இரண்டுக்கும் வேர் ஒன்றே: பரம்பரை, வீட்டு அடிதடி, குடிக்கிற அப்பா, சின்ன வயதில் யாரோ செய்த அத்துமீறல். 1998-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வு, குழந்தைப் பருவத்தில் இப்படிப்பட்ட கொடுமைகளில் நான்கு அல்லது அதற்கு மேல் பட்டவர்களுக்கு, எதுவும் படாதவர்களைவிடக் குடிநோய், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்கு வரை இருப்பதைக் காட்டியது. புளியந்தோப்பிலும் கொருக்குப்பேட்டையிலும் ஒற்றை அறையில் ஆறு பேர் படுக்கும் வீடுகளில் ஒரு பையன் எதையெல்லாம் பார்த்து வளர்கிறான் என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பின்னி மில் 1996-ல் மூடியபோது வேலை போன தாத்தாவிடமிருந்து தொடங்குகிற கதைகளும் அந்த வீடுகளில் உண்டு.

கஞ்சா விஷயத்தில் வயது முக்கியம். நியூசிலாந்தின் டுனிடின் நகரில் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனிக்கப்பட்ட ஒரு தலைமுறையைப் பற்றிய 2002-ம் ஆண்டு ஆய்வில், 15 வயதுக்குள் கஞ்சா தொட்டவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு 26 வயதுக்குள் மனச்சிதைவு வகைப் பாதிப்பு வந்திருந்தது. தொடாதவர்களில் அது நூற்றுக்கு மூன்று அளவுதான். எல்லோருக்கும் வராது. ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்லவும் முடியாது. குடும்பத்தில் யாருக்காவது காதில் குரல் கேட்கும் நோய் இருந்தால், அந்த வீட்டுப் பிள்ளை கஞ்சா பக்கமே போகக் கூடாது என்று பெற்றோர் காரணத்தோடு எடுத்துச் சொல்ல வேண்டும்.

வலி மாத்திரைக்கு வருகிறேன், ஏனென்றால் வட சென்னையில் இன்றைக்கு அதுதான் பெரிய தலைவலி. டிரமடால் என்ற வலி மாத்திரையை 2018-ல் போதைப் பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு டேபென்டடால் என்ற இன்னொரு வலி மாத்திரை தெருவுக்கு வந்தது. அது உடம்பில் இரண்டு வேலை செய்கிறது. அபின் வகை மருந்துகள் போய் உட்காரும் அதே இடத்தில் உட்கார்ந்து வலியை மழுங்கடிக்கிறது. கூடவே நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளை மூளையில் கூட்டுகிறது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மருந்துகளும் கூட்டுவது இதையேதான். உள்ளுக்குள் இருண்டுபோயிருக்கும் ஒரு பையனுக்கு அந்த முதல் ஊசி என்ன செய்திருக்கும் என்று யோசியுங்கள். வருஷக்கணக்கில் அழுத்திய கல்லை யாரோ சில மணி நேரம் தூக்கிப் பிடித்த மாதிரி. இறங்கும்போது கல் முன்பைவிடக் கனமாக இறங்கும். வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை, எரிச்சல் என்று பின்வாங்கும் அறிகுறிகள் வரும்; பதற்ற நோயின் அறிகுறிகளும் இவைதான். மாத்திரை என்பது விழுங்குவதற்காகச் செய்தது. அதில் இருக்கும் மாவும் டால்கும் ரத்தக் குழாயில் கரையாமல் அடைத்துக்கொள்ளும், சீழ் வைக்கும். ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்தால் ஹெபடைடிஸ் சியும் எச்ஐவியும்.

இனி, தனித்தனியாகப் பார்த்தால் என்ன ஆகும்? போதையை மட்டும் நிறுத்தி அனுப்பினால், பையன் கல்லோடு வீட்டுக்கு வருகிறான், தூக்கிப் பிடிக்க ஒன்றுமில்லாமல். திரும்ப அதையே தேடிப் போகிறான். இங்கே ஒரு உயிராபத்தும் ஒளிந்திருக்கிறது. ஒரு மாதம் எடுக்காமல் இருந்ததில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுபோகலாம். இல்லத்திலிருந்து திரும்பிய முதல் சில வாரங்கள்தான் மிகவும் கவனிக்க வேண்டிய காலம். ஆனால் எங்கள் பக்கம் அந்த வாரங்களில்தான் "பையன் திருந்திட்டான்" என்று சொந்தக்காரர்களுக்குப் பிரியாணி போடுகிறார்கள்.

மறுபக்கம், மனசை மட்டும் பார்த்தால்? ஊசியைப் பற்றித் தெரியாத டாக்டர் மனச்சோர்வுக்கு ஃப்ளூவாக்ஸெடின் மாதிரி ஒரு மருந்து எழுதுகிறார். பையன் அதோடு சேர்த்து டிரமடாலையும் போடுகிறான். இரண்டும் சேர்ந்தால் வலிப்பு வரலாம். செரடோனின் என்ற மூளை வேதிப்பொருள் அளவுக்கு மீறிப்போய்க் காய்ச்சல், நடுக்கம், குழப்பம் என்று ஐசியு வரை போகலாம். டேபென்டடாலுக்கும் இந்த எச்சரிக்கை உண்டு. இரண்டு ஃபைலும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை என்பது அலைச்சலோடு நிற்கிற விஷயமில்லை. உயிர் விஷயம்.

இதற்கும் ஒரு சின்ன உதாரணம்: பீடி, சிகரெட், கஞ்சா எதன் புகையாக இருந்தாலும் அது மனச்சிதைவுக்குக் கொடுக்கும் ஓலன்ஸபின், க்ளோஸபின் போன்ற மருந்துகளை ஈரல் சீக்கிரம் கழித்துவிடும்படி செய்கிறது. வார்டில் புகை இல்லாதபோது சரியாக இருந்த அளவு, வெளியே வந்து புகைக்கத் தொடங்கியதும் போதாமல் போகும். புகையைக் கேட்காமல் மருந்தின் அளவை முடிவு செய்ய முடியாது.

"போதையை நிறுத்தினால்தான் மனசுக்கு மருந்து" என்ற பழைய விதி எங்கிருந்து வந்தது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். போதையில் இருக்கும்போது நோயைக் கண்டுபிடிப்பது உண்மையிலேயே கஷ்டம். பொதுவாக ஒரு மாதம் போதை இல்லாமல் இருந்தும் அறிகுறி தொடர்ந்தால், அது போதையால் மட்டும் வந்ததல்ல என்று எடுத்துக்கொள்வார்கள். ஆனால் கண்டுபிடிக்கக் காத்திருப்பது வேறு, கவனிக்கக் காத்திருப்பது வேறு. 2007-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மனச்சோர்வு, நடத்தைக் கோளாறு, போதை மூன்றும் சேர்ந்த 126 பிள்ளைகளை, அவர்கள் போதையை விடுவதற்கு முன்பே சிகிச்சையில் சேர்த்தார்கள். எல்லோருக்கும் வாராவாரம் எண்ணத்தையும் நடத்தையையும் சீர்செய்யும் பேச்சு சிகிச்சை. பாதிப் பேருக்கு ஃப்ளூவாக்ஸெடினும் கூட. மருந்து மனச்சோர்வில் ஓர் அளவுகோலின்படி கூடுதல் பலன் தந்தது, ஆனால் போதையைத் தனியாகக் குறைக்கவில்லை. பேச்சு சிகிச்சை இரு பிரிவிலும் பலன் தந்ததாகவே தெரிந்தது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு: காத்திருக்க வேண்டியதில்லை, மாத்திரை மட்டும் போதவும் போதாது.

பையனின் சட்டைக் கையை மடித்துப் பார்த்த அந்த டாக்டர் முதல் நாளில் பெரிய வைத்தியம் எதுவும் செய்யவில்லை. சாகிற எண்ணம் இப்போது இருக்கிறதா என்று நேராகக் கேட்டார். கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. அப்படி ஆவதில்லை, கேட்டால் பிள்ளைக்குச் சுமை குறையும். பின்வாங்கும் அறிகுறிகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்த்தார். பிறகு ஒரு தாளில் கோடு போட்டு, ஐந்தாம் வகுப்பிலிருந்து இன்றுவரை என்னென்ன எப்போது நடந்தது என்று பையனையே குறிக்கச் சொன்னார். அப்பா அம்மாவை அடித்த வருஷம், பரீட்சையில் ஃபெயில் ஆன வருஷம், நண்பன் செத்த வருஷம், முதல் பீடி, முதல் ஊசி. அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு இதைச் செய்தார். அம்மாவுக்கு அது வருத்தம்தான். ஆனால் பெற்றோர் முன்னால் எந்தப் பிள்ளையும் முழு உண்மையைச் சொல்லாது.

நிறுத்து என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. "இதனால உனக்கு என்ன நல்லது கிடைக்குது?" என்றுதான் ஆரம்பித்தார். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, இது என்ன கேள்வி என்று கோபப்பட்டார். இதற்கு ஒரு முறையியலே இருக்கிறது. வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1983-ல் இதைப் பற்றி முதலில் எழுதினார்: மாற வேண்டும் என்ற காரணத்தை வெளியிலிருந்து திணித்தால் மனிதன் எதிர்த்து நிற்பான், அவன் வாயாலேயே வரவழைத்தால் நிற்கும். 17 வயதுக்காரனிடம் உபதேசம் செய்து பார்த்த எந்தத் தகப்பனுக்கும் இது புரியும்.

மருந்துக்கு வந்தபோதுதான் பெரிய சிக்கல். எங்கள் தெருவில் 'மாத்திரை' என்ற சொல்லே கெட்டுப்போன சொல். "ஒரு மாத்திரைய வுடச் சொல்லிட்டு இன்னொரு மாத்திரயா?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. மனச்சோர்வு மருந்து உடனே எந்தச் சுகத்தையும் தராது, பலன் தெரியவே சில வாரம் ஆகும், அதனால்தான் தெருவில் அதற்கு விலை இல்லை என்று டாக்டர் விளக்கினார். தூக்க மாத்திரை மட்டும் வேண்டாம் என்றார். நைட்ரஸெபாம், அல்ப்ரஸோலம் வகையறா பழக்கமாகிவிடும், ஊசியோடு சேர்ந்தால் மூச்சையும் அடக்கும். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மருந்து தொடங்கும் முதல் வாரங்களில் சாகிற எண்ணம் சிலருக்குக் கூடக்கூடும் என்பதால், வாரா வாரம் வந்து காட்டச் சொன்னார். மாத்திரை அட்டை அம்மாவிடம்தான் இருக்க வேண்டும், தினமும் ஒன்றாக அவரே எடுத்துக் கொடுக்க வேண்டும். அபின் வகைப் பழக்கம் முற்றியவர்களுக்கு நாக்கடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் என்று ஒரு வழியும் இருக்கிறது. அது டாக்டரின் நேரடிக் கண்காணிப்பில் நடக்க வேண்டியது.

அப்பாவையும் கூப்பிட்டார்கள். மூன்று முறை வரவில்லை, நான்காவது முறை வந்தார், வாடையோடு. துரத்தவில்லை. பையனுக்குச் சிகிச்சை நடக்கும் வீட்டில் ராத்திரி குவார்ட்டர் பாட்டில் உருண்டால் எந்த மருந்தும் வேலை செய்யாது என்பதை அவருக்குப் புரியவைக்கவே இரண்டு மாதம் ஆனது. வளரிளம் பிள்ளைகளின் போதைக்கு நல்ல பலன் காட்டியிருக்கும் முறைகளில் குடும்ப சிகிச்சைக்கு முன்வரிசையில் இடம் இருக்கிறது. என்னைக் கேட்டால், நம் ஊரில் மிகக் குறைவாகக் கிடைப்பதும் அதுதான்.

எங்கே போவது என்பதற்கு முன், ஒரு சொல்லைப் பற்றி. சென்னையில் 'கீழ்ப்பாக்கம்' என்பது ஊர்ப்பெயராக மட்டும் இல்லை, வசவாகவும் இருக்கிறது. 1794-ல் தொடங்கிய ஒரு மனநல ஆஸ்பத்திரியை, லட்சக்கணக்கானவர்களைத் தேற்றி அனுப்பிய இடத்தை, நாம் கேலிச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அந்தக் கேலியின் விலையை இந்தப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள். "எம்புள்ள ஒண்ணும் மெண்டல் இல்ல" என்று சொல்லி, மனநலப் பிரிவைத் தவிர்த்துவிட்டு, தாயத்து, ஜெபம், எலுமிச்சம்பழம் என்று சுற்றி, கடைசியில் ஹோமில் போடுகிறார்கள். சாமியிடம் போவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை, டாக்டரிடமும் போகும்வரை.

வட சென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி பக்கத்திலேயே இருக்கிறது. பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்ததால் பெரியவர்கள் இன்றும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். அங்கே மனநலப் பிரிவு உண்டு. கீழ்ப்பாக்கத்தில் போதைக்கும் மனநோய்க்கும் ஒரே வளாகத்தில் சிகிச்சை கிடைக்கும். நேரில் போகத் தயங்குபவர்கள் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணைக் கூப்பிடலாம். 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழிலேயே பேசலாம், காசில்லை.

ஹோமில் சேர்க்கத்தான் வேண்டும் என்றால், சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், குடியாலும் போதையாலும் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வைக்கிறது. சட்டம் ஏற்கெனவே இரண்டையும் ஒரே ஃபைலில் போட்டுவிட்டது. 18 வயதுக்குக் குறைந்தவரை அனுமதிக்க மனநல மருத்துவர் உட்பட இரண்டு வல்லுநர்கள் தனித்தனியே பார்த்துச் சொல்ல வேண்டும். பெரியவர்களோடு ஒன்றாகப் படுக்க வைக்கக் கூடாது. வீட்டார் ஒருவர் கூடவே தங்கலாம், தங்கவும் வேண்டும். சங்கிலியால் கட்டுவது எந்தக் காரணத்துக்காகவும் குற்றம். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்த மாநிலம் இது. "ஒரு மாதம் பார்க்க வரக் கூடாது" என்று எந்த இடமாவது சொன்னால் பிள்ளையை அங்கே விடாதீர்கள்.

போலீஸ் பயத்தால் சிகிச்சைக்கு வராதவர்களும் உண்டு. போதைப் பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவோடு பிடிபட்டவர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெற வழி செய்கிறது. பிள்ளைக்குப் போதைப் பொருள் கொடுத்தவருக்கோ, சிறார் நீதிச் சட்டத்தின் 77-வது பிரிவில் ஏழு ஆண்டு வரை கடுங்காவல். சட்டத்தின் கோபம் யார் பக்கம் திரும்ப வேண்டும் என்பது அதிலேயே எழுதியிருக்கிறது.

அந்தப் பையன் ஐந்தாவது மாதத்தில் ஒருமுறை திரும்பவும் போட்டான். பழைய இல்லமாக இருந்திருந்தால் மறுபடி உள்ளே தள்ளியிருப்பார்கள். இங்கே, அதற்கு முந்தைய பத்து நாள் நோட்டைப் புரட்டினார்கள். அம்மாவுக்கு எழுதத் தெரியாது என்பதால் தங்கை தினமும் எழுதும் நாற்பது பக்க நோட்டு அது: தூக்கம் எத்தனை மணி, மூஞ்சி எப்படி, வெளியே போனானா, மாத்திரை. ஏழு மணி நேரமாக இருந்த தூக்கம் நான்கு நாளாக மூன்றுக்கு இறங்கியிருந்தது. 'மூஞ்சி' என்ற இடத்தில் நான்கு நாளும் 'டல்'. ஊசிக்கு முன்னால் மனச்சோர்வு திரும்பியிருக்கிறது. மருந்தின் அளவை மாற்றினார்கள், அந்த வாரம் இரண்டு முறை வரச் சொன்னார்கள்.

போன வாரம் தங்கை அந்த நோட்டை டியூஷனுக்குக் கொண்டுவந்திருந்தாள், இப்போது மூன்றாவது நோட்டு. மாத்திரை என்ற சொல் வீட்டில் யாருக்கும் பிடிக்காது என்பதால் அவளாகவே அதை மாற்றிவிட்டாள். கடைசி வரி இப்படி இருந்தது: தூக்கம் 6. மூஞ்சி பரவால்ல. சாயங்காலம் கிரவுண்டுக்குப் போய் ஃபுட்பால். டாக்டர் மருந்து, அம்மா கொடுத்துச்சு.